பஞ்சு மில்லுக்குள் ஒரு வீடு

வீட்டுத் தரகில் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சுதான் என் ஆபீஸ். செல்லதுரை என்று கேட்டால் டீக்கடைக்காரரே கைகாட்டுவார். வீடு வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்பா? வாசல் எந்தப் பக்கம்? பத்திரம் யார் பேரில் இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரன் எப்படி? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவன் தரகன். பதில் தெரியாதபோதும் சொல்லத் தெரிந்தவன் நல்ல தரகன். நான் நல்ல தரகன். அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்த வீடு ஒன்று உண்டு. அரியலூர் ரோட்டில், மூடிப்போன பஞ்சு மில்லுக்குள் நத்தர்ஷா பாய் கட்டிய வீடு. அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"சரிங்க, வூடு எங்க?"

வீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் அப்படிக் கேட்டார்கள்.

நத்தர்ஷா பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். மீசை கறுப்பாக இருந்த வயதில் சார்ஜாவுக்குப் போனவர், மீசைக்கு மை பூச ஆரம்பித்த பிறகுதான் திரும்பினார். அங்கே அவருக்கு ஒரு மரச்சாமான் கடையில் வேன் ஓட்டும் வேலை. கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், வாங்கியவர்கள் வீட்டிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆகவே தரகனான நான் பார்த்ததைவிட அதிக வீடுகளை அவர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு வீடு அவர் மண்டைக்குள் குடிவந்துவிட்டது.

அது துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிடங்கு. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதை வாங்கி, சுவரை இடிக்காமல், இரும்பு உத்தரத்தை மறைக்காமல், பாதி உயரத்தில் பலகையால் ஒரு மேல்தளம் போட்டுக் குடியிருந்தார்களாம். மேல்தளத்துக்குச் சுவர் கிடையாது, கம்பிக் கைப்பிடி மட்டும். மேலே படுக்கை, கீழே சமையலும் சாப்பாடும். உள்ளே இருந்த ஒரே கதவு குளியலறைக் கதவு. பாய் அந்த வீட்டைப் பற்றி என்னிடம் முதல் தடவை சொன்னபோது டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மேல கட்டில பூட்டிட்டு குனிஞ்சு பாக்கறேன் செல்லதுரை. அந்தம்மா கீழ காபி போடுது. அவரு மேல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காங்க. என்ன பேசுறாங்கன்னு எனக்கு வெளங்கல. ஆனா நிறுத்தவே இல்ல."

பலகையின் தரத்தைப் பற்றிச் சொல்ல வருகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று புரிய, லப்பைக்குடிக்காட்டில் அவருடைய சொந்த வீட்டை நான் பார்க்க வேண்டியிருந்தது. குறை சொல்ல முடியாத வீடு. பளிங்குத் தரை, தேக்குக் கதவு, வாசலில் குரோட்டன்ஸ். முன்னால் ஆண்களுக்கு ஒரு கூடம். கூடத்துக்குப் பின்னால் ஒரு கதவு, கதவில் ஒரு திரை, திரைக்கு அப்பால் பெண்கள். பாய் லீவில் வந்தால் முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் காலையில் ஆரம்பித்து ராத்திரி இஷா தொழுகை வரை வந்துகொண்டே இருப்பார்கள். அவர் மனைவி ஆயிஷா பீவி அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் டீ போடுவார். டீ திரைக்கு இந்தப் பக்கம் வரும், காலி டம்ளர் அந்தப் பக்கம் போகும். அவர்கள் குடித்தனம் நடத்தியது அவ்வளவுதான்.

பாய் சார்ஜாவில் இருக்கும்போது கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். ஆயிஷா பீவியும் பதிலுக்குப் பேசி அனுப்புவார். கேசட்டின் இரண்டு பக்கமும் தீரத் தீரப் பேசியவர்கள், நேரில் பார்த்துவிட்டால் "சாப்டீங்களா", "ம்" என்பதோடு சரி. ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, திருச்சியில் கட்டியும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்ததையெல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது.

மகள் ஹுமாவின் கல்யாணத்துக்கு வந்தவர்தான், இனி போகப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, அரியலூர் ரோட்டுப் பஞ்சு மில்லை வாங்கினார். பெரம்பலூர் மாவட்டத் தலைநகரான பிறகு டவுனுக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் படிப்புக்காக லப்பைக்குடிக்காட்டுக் குடும்பங்களும் வரத் தொடங்கியிருந்தன. அவர்களுக்கெல்லாம் சார்ஜாவில் பார்த்த மாதிரி வீடு கட்டிக் கொடுப்பது பாயின் திட்டம். மில்லைக் குறுக்குச் சுவர் வைத்து ஆறாகப் பிரித்தார். கையில் இருந்தது ஒரு வீட்டை முடிக்கத்தான் போதுமானதாக இருந்தது. அதை விற்று அடுத்ததைக் கட்ட வேண்டும்.

இங்கே அப்துல் சலாமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆயிஷா பீவியின் அண்ணன். பாயை முதன்முதலில் சார்ஜாவுக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். அதனால் ஆயுள் முழுக்க அவரை அனுப்பிக்கொண்டே இருக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்புகிறவர். மில் வாங்கிய செய்தி கேட்டு நேரே வந்து, மொத்தச் சேமிப்பையும் குருவி கூடு கட்டின கட்டடத்தில் கொட்டிவிட்டீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் என்னையும் சாட்சி வைத்து ஒரு ஒப்பந்தம் பேசினார். அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் முதல் வீடு விற்றால் பாய் ஊரோடு இருக்கலாம். விற்காவிட்டால், அதே கடையில் அதே வேனுக்கு விசா தயாராக இருக்கிறது, வாய் பேசாமல் கிளம்ப வேண்டும். பாய் சரி என்றார். திரைக்கு அந்தப் பக்கம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, ஒரு வருஷத்திலேயே திரும்பவும் பெரம்பலூரோடு வந்து சேர்ந்துகொண்ட சமயம் அது. மாவட்டமே போவதா இருப்பதா என்று தெரியாமல் திண்டாடும்போது நத்தர்ஷா பாய் திண்டாடுவதில் என்ன அதிசயம் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு உள்ளூரப் பயம்தான். அந்த வீட்டை விற்கும் பொறுப்பு என் தலையில்.

வீடு அழகாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன். கனமான பழைய செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டிருந்தார். பஞ்சு மூட்டை இறக்கிய பெரிய வாசலுக்குக் கண்ணாடி போட்டிருந்தார். இரும்புப் படிக்கட்டு, பலகை மேல்தளம், அதில் கட்டில். வாசலில் "லாஃப்ட் வீடு விற்பனைக்கு" என்று பெரிய போர்டு. லாஃப்ட் என்றால் என்ன என்று நம் ஊர்க் கொத்தனார்களைக் கேட்டால் அண்டா குண்டான் ஏற்றி வைக்கிற இடம் என்பார்கள். ஊர் ஜனம் அதை இன்னும் சுருக்கிப் பரண் என்றது. லட்சக்கணக்கில் கொடுத்து யாராவது பரணில் ஏறிப் படுப்பார்களா என்று என்னையே வழிமறித்துக் கேட்டார்கள்.

நான் கூட்டி வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பூஜை அறை எங்கே என்றார். படிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். சாமி தலைமேல் நடக்கச் சொல்கிறாயா என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அவர் எனக்கு வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார். கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவர் எல்லாம் பிடித்திருக்கிறது, நடுவில் நான்கு சுவர் மட்டும் எழுப்பித் தர முடியுமா என்றார். துபாயில் மகன் இருக்கிற ஒரு வயதான அம்மா, மருமகளோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆம்பளைங்க வந்தா பொம்பளைங்க எங்கே போவது என்று முதலில் கேட்டார். அதற்குப் பாய் ஏதோ பதில் சொன்னார். அந்த அம்மா விடவில்லை.

"அது கெடக்கட்டும் பாய். இவளுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை கூடக்கொறய வந்துச்சுன்னா, மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறதுக்கு ஒரு ரூம் வேணாமா?"

பக்கத்தில் நின்ற மருமகள்கூட மாமியார் பேச்சுக்குத் தலையாட்டினாள். அந்தக் குடும்பத்தில் ஒற்றுமை வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

ஆசையோடு பார்த்தவர் ஒரே ஒருத்தர். செட்டிகுளத்து வெங்காய வியாபாரி பிச்சைமுத்து. உள்ளே நுழைந்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூரை உயரத்தை அண்ணாந்து பார்த்தார், எதிரெதிர் ஜன்னலுக்கு நடுவில் நின்று காற்று எப்படி வருகிறது என்று பார்த்தார், மேலே ஏறிப் பலகையை மிதித்துப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கி வந்தவர், இந்தப் பலகையைப் பிடுங்கிவிட்டு மூங்கில் பரப்பினால் சின்ன வெங்காயம் ஆறு மாசம் ஆனாலும் அழுகாது, மில் மொத்தத்தையும் வாடகைக்குக் கொடுங்கள் என்றார். பாய்க்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மனுஷன் வாழ்வதற்குக் கட்டிய வீட்டை வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறை என்கிறாயா என்று வாசல் வரை விரட்டிவிட்டு வந்தார். பிச்சைமுத்துவுக்குத் தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றே தெரியவில்லை.

ரம்ஜான் பிறை பார்க்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. அடுப்பு எரியாத வீட்டை எவனும் வாங்கமாட்டான். இந்த வீட்டில் ஒரு குடும்பம் இருக்க முடியும் என்பதை முதலில் ஒரு குடும்பம் இருந்து காட்ட வேண்டும். பாயிடம் இதைச் சொன்னேன். அவ வரமாட்டா என்றார்.

ஆயிஷா பீவி வந்துவிட்டார். கணவர் கூப்பிட்டதற்காக வந்தாரா, அண்ணன் தடுத்ததற்காக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பெட்டியும் ஒரு குக்கரும் கொண்டுவந்தார். வந்த அன்றைக்கே மேலே ஏறி, நான்கு சேலைகளை முடிச்சுப் போட்டுக் கம்பிக் கைப்பிடி நெடுகக் கட்டிவிட்டார். மறுநாள் நான் போனபோது பாய் கீழே வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பாயம்மா மேலே சேலைக்குப் பின்னால் இருந்தார். சார்ஜாவில் பார்த்ததை வருஷக்கணக்காக யோசித்து யோசித்துப் பாய் கட்டினார். பாயம்மா ஒரே சாயங்காலத்தில் அதை லப்பைக்குடிக்காடு ஆக்கிவிட்டார்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. டவுனுக்கு வெளியே கிடந்த அந்த மில்லுக்குப் பாயைப் பார்க்க யாரும் வரவில்லை. முன்கூடத்தில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார், எதிரே பேச ஆள் இல்லை. சேலை ஆளைத்தான் மறைத்தது, சத்தத்தை மறைக்கவில்லை. ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிய பாய், எங்கே வைத்தேன் என்று தனக்குத்தானே முணுமுணுத்திருக்கிறார். மேலேயிருந்து, ஜன்னல் கட்டையில் பாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. அங்கே ஆரம்பித்தது.

இவர் கீழே பெஞ்சில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார். அவர் மேலே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு பதில் சொல்வார். முகம் தெரியாத வரைக்கும் இருவருக்கும் பேச்சு சரளமாக வந்தது. கேசட்டில் பேசிப் பழகியவர்கள் அல்லவா. ஆனால் கேசட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வர மாசக்கணக்காகும். இங்கே உடனே வந்தது. சில சமயம் கேள்வி முடிவதற்குள்ளேயே வந்தது.

கேசட்டில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள் என்று பாய் பின்னால் என்னிடம் சொன்னார். வெள்ளாறு பெருகித் தெருவுக்குள் தண்ணீர் வந்த வருஷம், கைக்குழந்தை ஹுமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயிஷா பீவி தனியாளாக நெல் மூட்டையை இழுத்து மேடேற்றியிருக்கிறார். அந்த மாசத்துக் கேசட்டில், ஊரில் நல்ல மழை என்று மட்டும் பதிந்திருந்தார். பாயின் வேன் ஒருமுறை கவிழ்ந்து, விலா எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அப்போது அனுப்பிய கேசட்டில் அவர் குரல் ஒரு மாதிரி இருந்ததற்குக் காரணம் ஜலதோஷம் என்று பதிந்திருந்தார். ஒருவருக்கொருவர் பொய் சொல்லியே பாசத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சேலைத் திரை எப்போது போனது என்று சரியாகச் சொல்ல முடியாது. கட்டியிருந்த நான்கில் ஒன்றை உடுத்துவதற்காக அவிழ்த்திருக்கிறார், துவைத்த பிறகு திரும்பக் கட்டவில்லை. பிறகு இன்னொன்று. நோன்பு பாதி கழிந்தபோது கைப்பிடிக் கம்பி வெறுமனே இருந்தது. ஒரு சாயங்காலம் நான் போனபோது, பாயம்மா கைப்பிடியில் சாய்ந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாய் கீழே நோன்புக் கஞ்சியைக் கிண்டியபடி அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பேத்தி எடுக்கிற வயதில் இரண்டு பேரும் புது மாப்பிள்ளை பெண் மாதிரி முழித்ததில் எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

சரி, நான் அங்கே போனது அதைப் பார்த்து ரசிக்க இல்லை. என் வேலை விற்பது. பெருநாளுக்கு முந்தைய வாரம் ஒரு ஜோடி மாட்டியது. அறிவழகன், அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் இன்ஜினியர். மனைவி சுவாதி சென்னையில் வளர்ந்த பெண். இப்படி ஒரு வீட்டை ஏதோ பத்திரிகையில் பார்த்திருக்கிறாளாம். கண்ணாடி வாசலைப் பார்த்தாள், செங்கல் சுவரைத் தடவினாள், மேலே போய் நின்று இதேதான், இதேதான் என்றாள். அறிவழகன் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். அட்வான்ஸ் எப்போது கொடுக்கலாம் என்று அவரே கேட்டார். தரகு வாழ்க்கையில் இதைவிட இனிமையான வார்த்தை கிடையாது. பாயின் முகத்தைப் பார்த்தேன். இனி சார்ஜா இல்லை என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

நோன்பு நாளானாலும் வந்தவர்களுக்கு டீ கொடுக்க ஆயிஷா பீவி இறங்கி வந்தார். சுவாதி சும்மா இருந்திருக்கலாம். இந்த வீட்டில் இருப்பது எப்படி இருக்கிறது அக்கா என்று ஆசையாகக் கேட்டுவிட்டாள்.

பாயம்மா ஒளிக்காமல் சொன்னார். வெயில் அடித்தால் மேல்தளத்தில் வடகம் காயப்போடலாம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. மீன் பொரித்தால் தலையணை வரை மணக்கும். சுவாதி எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் போட்டுக்கொள்ளலாம், சிம்னி வைத்துக்கொள்ளலாம் என்று அறிவழகனும் சமாளித்தார். அப்போது பாயம்மா டீ டம்ளரை அவள் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"அதெல்லாம் பெருசில்லம்மா. மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேச முடியாது இந்த வூட்ல. ஒரு பெருமூச்சு விட்டாக்கூட மத்தவங்களுக்குக் கேட்டுரும். என்னன்னு கேப்பாங்க. சொல்லித்தான் ஆவணும். ஒங்களுக்கு அது தோதுப்படுமா, பாத்துக்குங்க."

சுவாதி புருஷனைப் பார்த்தாள். அறிவழகன் டேப்பைப் பார்த்தார். டேப் தானாகச் சுருண்டு உள்ளே போகும் சத்தம் அந்த உயரமான கூடத்தில் நன்றாகக் கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்கள் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. கார் ரோட்டில் ஏறியதும் நான் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்படியும் ஒரு பெண்பிள்ளை சொந்தப் பிழைப்பில் மண்ணைப் போடுவாளா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பாய்க்கு என்னைவிட ஆத்திரம்.

"விக்கலன்னா நான் போவணும்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் வாயாலயே என்ன அனுப்பறியே."

ஆயிஷா பீவி நிதானமாக டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். வீட்டை விற்றுவிட்டால் லப்பைக்குடிக்காட்டு வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே இவர் முன்கூடத்தில், தான் அடுப்படியில். இவர் ஊரில் இருந்தும் தனக்கு ஒன்றும் இல்லை. ஆகவே இந்த வீட்டை விற்கவிடப் போவதில்லை. சாப்பாட்டுக்கு வழி என்ன என்றால், அதற்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. செட்டிகுளத்துக்கு ஆள் விட்டு, மீதி ஐந்து பகுதியையும் வாடகைக்குத் தருவதாகப் பிச்சைமுத்துவிடம் சொல்லியாகிவிட்டது. மாட்டுப் பொங்கல் கழிந்ததும் வெங்காயம் வரும்.

நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாவது ஆள் ஒதுங்க அந்த வீட்டில் ஏது இடம்? குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வெங்காயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பாய் நொறுங்கிப் போனார். விசாவைவிட அதுதான் அவரை அடித்தது. மாவட்டத்திலேயே முதன்முதலில் இப்படி ஒரு வீடு கட்டியவர் என்று பேர் வாங்க நினைத்தவர். ஊர் இனி வெங்காயக் கிடங்குக்காரர் என்று கூப்பிடப்போகிறது. பெருநாள் வரை அவர் மேலே ஏறவில்லை, கீழே பெஞ்சில் படுத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார், பேசவில்லை. மேலேயிருந்து என்ன கேட்டாலும் "ம்" என்றார்.

பெருநாளன்று என்னையும் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்துல் சலாம் புது வேட்டி சட்டையில் வந்தார். கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்ன கையோடு, சட்டைப் பையிலிருந்து விசாத் தாளை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். வெங்காயக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. நம் குடும்பத்து மாப்பிள்ளை வெங்காயத்துக்குக் காவல் இருப்பது கேவலம், மரியாதையாகச் சார்ஜாவுக்குப் போய்விடலாம் என்றார். பாய் தாளைக் கையில் எடுத்தார்.

"போயிடறேன் மச்சான்," என்றார். "நாலு பேரு சிரிக்கிற மாதிரி இங்க இருக்கறதுக்கு, அங்கயே இருந்துட்டுப் போறேன்."

அண்ணன் இருக்கும்போது ஆயிஷா பீவி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். அந்த வீட்டில் மெல்லப் பேசினாலே போதும்.

"போங்க. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு. ஒவ்வொரு லீவுக்கும் நீங்க வருவீங்க, நான் ஒங்களோட பழகுவேன். பழகி முடிக்கறதுக்குள்ள கெளம்பிடுவீங்க. மறுபடி மொதல்லேருந்து. இத்தன வருஷமா அதையே செஞ்சுட்டேன். இன்னொரு தடவ பழக என்னால ஆவாது. இப்ப போனா, நீங்க திரும்பி வரும்போது விருந்தாளியாத்தான் வருவீங்க. டீ போட்டுத் தருவேன்."

அப்துல் சலாமும் பத்துப் பன்னிரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர்தான். அவர் வீட்டில் அவருக்கு டீ எப்படி வருகிறது என்று நான் யோசித்தேன். அவரும் அதைத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன்.

பாய் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். திரை இல்லாததால் பாயம்மாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. விசாத் தாளை நான்காக மடித்து, மச்சானின் புதுச் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். உங்கள் மகள் புருஷன் சும்மாதானே இருக்கிறான், அவனை அனுப்புங்கள் என்றார். பிறகு, பிரியாணி ஆறுகிறது, உட்காருங்கள் என்றார். பிரியாணி அருமை. எனக்குத்தான் கமிஷன் போன துக்கத்தில் இறங்கவில்லை. இருந்தாலும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

தையில் வெங்காயம் வந்தது. பிச்சைமுத்துவின் லாரிகள் காலையிலேயே வரிசை கட்டி நின்றன. மற்ற ஐந்து பகுதிகளிலும் மூங்கில் பரப்பி, தாளோடு இருந்த சின்ன வெங்காயத்தைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். பிச்சைமுத்துவின் ஆட்கள் லாஃப்ட் வீடு போர்டைக் கழற்றிவிட்டு வெங்காய மண்டி போர்டை மாட்டினார்கள். பழைய போர்டின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள், பலகை வீணாகக் கூடாது என்று. ரோட்டில் போன ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து எவனோ, பாய் பரணுக்கு ஆள் கிடைச்சாச்சா என்று கத்திவிட்டுப் போனான். பாய் கேட் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் மனிதர் சுருங்கிப் போயிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது மேல்தளத்து ஜன்னலிலிருந்து ஆயிஷா பீவியின் குரல் வந்தது.

"வெய்யில்ல எதுக்கு நிக்கிறீங்க? உள்ள வாங்க."

பாய் சட்டென்று திரும்பினார். அவர் கண் இரண்டும் நிறைந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் துடைக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

"வெங்காயம்... கண்ண ரொம்பக் கரிக்குது," என்றார்.

முழு வெங்காயம் யார் கண்ணையும் கரிக்காது, நறுக்கினால்தான் கரிக்கும். இந்தச் சீமையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். பிச்சைமுத்து பிறந்ததே வெங்காயப் பட்டறை நிழலில். அவர் பாயை ஒரு தரம் பார்த்தார், ஜன்னலை ஒரு தரம் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாயிடம் நீட்டினார்.

"ஆமாங்க பாய்," என்றார். "இந்த வருஷம் காரம் கொஞ்சம் ஜாஸ்திதான்."